பொறுமைக்கும் கணக்குண்டு!

தம்பி! அமெரிக்காவின் சிகாகோ நகரிலே பேஸ்பால் ரசிகர்களிடையே ஒரு வழக்கு. ஒயிட் சாக்ஸ் அணி 2024-ஆம் ஆண்டு ஆடிய 162 ஆட்டங்களில் 121-ல் தோற்றது. கலைத்துவிட்டு, இளைஞர்களைக் கொண்டு புதிதாகக் கட்டவேண்டும் என்கின்றனர் ஒரு சாரார். அதே நகரின் கப்ஸ் அணியைக் காட்டுகின்றனர்: 2012-ல் 101 தோல்வி, 2016-ல், 108 ஆண்டுகளுக்குப் பின், வாகை!

மறுசாரார் விடுவார்களா? 2016 முடிவிலே நமக்கும் இதே மருந்துதான்; பெயர்பெற்ற வீரர்களைப் பிற அணிகளுக்கு அனுப்பினர்; கண்டதென்ன? 2020, 2021-ல் முதற்சுற்றோடு திரும்பியதுதான் என்கின்றனர்.

கட்டட்டும், தம்பி, வேண்டாமென்பார் யார்? ஆனால், கட்டி முடியும்வரை தோல்வியைச் சுமந்து, கூலிக்காசிலே சீட்டு வாங்குபவன் உழைப்பாளி ரசிகன். அவனிடம் பொறுமை கேட்கும் முதலாளி, கணக்கும் காட்டக் கடமைப்பட்டவர்!