எல்லைக் கோட்டில் நின்ற கவி

1868-ஆம் வருஷம் ஆகஸ்டு மாதத்தின் கடைசி நாட்களில் ஒன்று. பெல்ஜியம் தேசத்துத் தலைநகரான பிரஸ்ஸெல்ஸிலிருந்து பிரான்ஸ் எல்லையை நோக்கி ஒரு ரயில் சென்று கொண்டிருந்தது. அதில் ஒரு சவப்பெட்டி. அதற்குத் துணையாக, வெண்தாடி வளர்ந்த முதியவர் ஒருவர் வந்து கொண்டிருந்தார். பெட்டிக்குள் இருந்தது அவருடைய மனைவியின் உடல். இளம் பிராயத்தில் நதியில் மூழ்கி இறந்த தம் மகளின் பக்கத்திலேயே தம்மையும் அடக்கம் செய்ய வேண்டும் என்பது அந்த அம்மாளின் கடைசி விருப்பம். மகளின் கல்லறையோ, பிரான்ஸில் ஸீன் நதிக் கரையிலுள்ள வில்கியே என்னும் கிராமத்தில் இருந்தது.

எல்லை வந்தது. சவப்பெட்டி பிரான்ஸுக்குள் சென்றது. முதியவர் இப்புறத்திலேயே தங்கி விட்டார்.

அவரை யாரும் தடுக்கவில்லை. அவர் தாய்நாட்டுக்குத் திரும்பலாம் என்று ஒன்பது வருஷங்களுக்கு முன்பே பிரெஞ்சு அரசாங்கம் அனுமதி அளித்திருந்தது. அவரைத் தடுத்து நிறுத்தியது அவர் தமக்குத் தாமே கொடுத்துக் கொண்ட வாக்கு ஒன்றுதான். அந்த முதியவரே, உலகம் போற்றும் கவியும் நாவலாசிரியருமான விக்டர் ஹ்யூகோ.

அவர் அப்படி என்ன வாக்குக் கொடுத்தார்? யாருக்கு எதிராகக் கொடுத்தார்? அந்த வரலாறு விசித்திரமானது.

வேலியே பயிரை மேய்ந்தது

நெப்போலியன் போனபார்ட்டின் வீழ்ச்சிக்குப் பிறகு, அவருடைய குடும்பத்தார் பிரான்ஸுக்குள் நுழையக்கூடாது என்று தடை விதிக்கப்பட்டிருந்தது. நெப்போலியனின் தம்பியான ஜெரோம், தாய்நாட்டுக்குத் திரும்ப அனுமதி வேண்டி 1847-இல் விண்ணப்பம் செய்து கொண்டார். அப்பொழுது பிரபுக்கள் சபையில் அங்கத்தினராக இருந்த ஹ்யூகோ எழுந்து அந்தக் குடும்பத்துக்காகப் பரிந்து பேசினார். ஒரு குடும்பத்தைத் தேசப் பிரஷ்டம் செய்து வைப்பது பெரிய தேசம் ஒன்றுக்கு அழகல்ல என்பது அவர் கட்சி.

அந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவர்தான் லூயி நெப்போலியன். மாவீரன் நெப்போலியனின் தம்பி மகன். அரசாங்கத்தைக் கவிழ்க்க முயன்றதற்காக ஹாம் கோட்டையில் சிறை வைக்கப்பட்டிருந்த அவர், 1846-இல் ஒரு கூலியாளைப் போல வேஷம் தரித்து, தோளில் ஒரு பலகையைச் சுமந்து கொண்டு, காவலர் கண் முன்னாலேயே தப்பி வெளியேறினார். பிறகு இங்கிலாந்தில் தஞ்சம் புகுந்தார்.

1848-இல் பிரான்ஸில் புரட்சி மூண்டு குடியரசு ஏற்பட்டது. லூயி நெப்போலியன் திரும்பி வந்து, ஜனாதிபதி தேர்தலில் நின்றார். அவரை ஆதரித்தவர்களில் ஹ்யூகோவும் ஒருவர்! அந்த வருஷம் டிசம்பரில் பெருவாரியான வாக்குகளால் வெற்றி பெற்ற ஜனாதிபதி, குடியரசைக் காப்பதாகச் சபையின் முன்னிலையில் பிரமாணம் செய்தார்.

மூன்று வருஷம் சென்றது. அரசியல் சட்டப்படி, பதவிக் காலம் முடிந்ததும் உடனே அவர் மறுபடி ஜனாதிபதியாக முடியாது. சட்டத்தை மாற்றச் சபையும் இசையவில்லை. 1851-ஆம் வருஷம் டிசம்பர் 2-ஆம் தேதி விடியுமுன், எதிர்க்கட்சித் தலைவர்கள் படுக்கையிலிருந்தபடியே கைது செய்யப்பட்டார்கள். சபை கலைக்கப்பட்டது. டிசம்பர் 4-ஆம் தேதி பாரிஸ் நகரின் பெரிய வீதிகளில் சேனை ஜனங்களைச் சுட்டது. சரியாக ஒரு வருஷம் கழித்து, 1852 டிசம்பர் 2-இல், அந்த ஜனாதிபதி மூன்றாம் நெப்போலியன் என்ற பெயருடன் சக்கரவர்த்தியானார். குடியரசைக் காப்பதற்குச் செய்த பிரமாணம் என்ன ஆயிற்று என்று கேட்பதற்குச் சபை இல்லை. பத்திரிகைகளின் வாயும் அடைக்கப்பட்டு விட்டது.

தொழிலாளி வேஷமும் ஒரு டிரங்குப் பெட்டியும்

இந்த மோசத்துக்கு முன்பே ஹ்யூகோ ஜனாதிபதியை விட்டு விலகி, அவரைக் கடுமையாக எதிர்க்கத் தொடங்கியிருந்தார். அவருடைய இரு புதல்வர்களும் பத்திரிகைக் குற்றங்களுக்காகச் சிறையில் இருந்தார்கள். டிசம்பர் 2-க்குப் பிறகு ஹ்யூகோ வீடு வீடாக ஒளிந்து திரிந்து, ஜனங்களைத் திரட்டி எதிர்த்து நிற்க முயன்றார். முயற்சி பலிக்கவில்லை. டிசம்பர் 11-ஆம் தேதி இரவு, லான்வின் என்ற அச்சுத் தொழிலாளியின் பெயரில் பாஸ்போர்ட்டை வைத்துக் கொண்டு, தொழிலாளி உடையில் பிரஸ்ஸெல்ஸுக்கு ரயிலேறினார். ஐந்து வருஷத்துக்கு முன் லூயி நெப்போலியன் போட்ட அதே வேஷத்தை இப்பொழுது கவி போட வேண்டியதாயிற்று! விதியின் பரிகாசத்தைப் பாருங்கள்!

இரண்டொரு நாளில், ஹ்யூகோவிடம் ஆழ்ந்த பற்றுக் கொண்டிருந்த ஜூலியத் த்ரூவே என்ற மாது அவரைப் பின்தொடர்ந்து வந்து சேர்ந்தாள். அவள் கொண்டு வந்த டிரங்குப் பெட்டியில் கவியின் கையெழுத்துப் பிரதிகள் இருந்தன. 1845-இல் ஆரம்பித்து, 1848-ஆம் வருஷப் புரட்சியினால் பாதியில் நின்று போன ஒரு பெரிய நாவலும் அவற்றில் ஒன்று. அந்தப் பெட்டி எல்லையில் பிடிபட்டிருந்தால் உலக இலக்கியத்துக்கு என்ன நஷ்டம் என்பதைப் பின்னால் பார்ப்போம்.

1852 ஜனவரி 9-ஆம் தேதி, ஹ்யூகோ உள்பட 66 சபை அங்கத்தினர்களைத் தேசத்தை விட்டு வெளியேற்றும் உத்தரவு பிறந்தது. நேயர்கள் இந்தத் தேதியை ஞாபகத்தில் வைத்துக் கொள்ளும்படி கேட்டுக் கொள்கிறேன்.

தீவிலிருந்து தீவுக்கு

பிரஸ்ஸெல்ஸில் உட்கார்ந்து ஹ்யூகோ ஒரு புத்தகம் எழுதினார். "சின்ன நெப்போலியன்" என்பது அதன் பெயர். பெரியப்பாவுக்கும் தம்பி மகனுக்கும் உள்ள தூரத்தை அந்தப் பெயர் ஒன்றே சொல்லி விட்டது. சிறிய அளவில் அச்சிடப்பட்ட பிரதிகள் ரகசியமாகப் பிரான்ஸுக்குள் புகுந்தன. பெரிய அண்டை நாட்டைப் பகைத்துக் கொள்ள அஞ்சிய பெல்ஜியம் அரசாங்கத்துக்குச் சங்கடம் ஏற்பட்டது. புத்தகம் வெளியான 1852 ஆகஸ்டு மாதத்திலேயே ஹ்யூகோ அவ்விடம் விட்டு ஜெர்ஸி தீவுக்குச் சென்றார்.

ஜெர்ஸியும் அதன் அண்டைத் தீவாகிய கெர்ன்ஸியும் பிரான்ஸின் கரைக்குச் சமீபத்தில் உள்ளவை. ஆனால் ஆங்கில முடிக்கு உட்பட்டவை. அக்காலத்தில் அங்கே பிரெஞ்சு மொழி நன்றாக வழங்கிற்று. ஆதலால் நாடு இழந்த பிரெஞ்சுக்காரர்கள் பலர் அங்கே கூடினார்கள். 1855-இல் இங்கிலாந்தின் விக்டோரியா ராணி பாரிஸுக்குச் சென்று மூன்றாம் நெப்போலியனின் விருந்தாளியாக இருந்தபோது, ஜெர்ஸியிலிருந்த அகதிகளின் பத்திரிகை அதைக் கண்டித்து ஒரு கடிதத்தை வெளியிட்டது. பத்திரிகையை நடத்தியவர்கள் வெளியேற்றப்பட்டார்கள். அவர்களுக்காக ஆட்சேபம் கிளப்பிய ஹ்யூகோவுக்கும் அதே தண்டனை கிடைத்தது. 1855 அக்டோபர் 31-ஆம் தேதி அவர் கெர்ன்ஸியில் வந்து இறங்கினார்.

அடுத்த வருஷம், தம் கவிதைத் தொகுதி ஒன்றின் வருமானத்தைக் கொண்டு, செயின்ட் பீட்டர் துறைமுகத்தில் ஓத்வில் மாளிகையை விலைக்கு வாங்கினார். அவர் சொந்தமாக வாங்கிய முதல் வீடு அதுதான். வீட்டின் உச்சியில், கடலைப் பார்த்தபடி, கண்ணாடியால் ஓர் அறை அமைத்துக் கொண்டார். காலை வேளைகளில் அங்கே நின்றபடியே எழுதுவார். வானம் தெளிந்த நாட்களில் தொலைவில் பிரான்ஸின் கரை தெரியும். தாய்நாடு கண்ணுக்குத் தெரிந்தது, காலுக்கு எட்டவில்லை.

மன்னிப்பு வந்தது

1859 ஆகஸ்டு மாதத்தில் சக்கரவர்த்தி பொது மன்னிப்பு வழங்கினார். அகதிகள் பலர் ஊர் திரும்பினார்கள். அவர்களைக் குறை சொல்ல நமக்கு என்ன உரிமை இருக்கிறது? வயோதிகத் தாய் தந்தையர், வறுமை, வியாதி என்று ஒவ்வொருவருக்கும் ஒரு காரணம் இருந்தது. ஹ்யூகோ மட்டும் இரண்டே நாளில் தம் மறுப்பை எழுதி வெளியிட்டார். குற்றம் செய்தவர் நிரபராதியை மன்னிப்பது என்ன நியாயம் என்பது அவருடைய எண்ணம். பிரான்ஸுக்குச் சுதந்திரம் எப்பொழுது திரும்புகிறதோ, அப்பொழுதே தாமும் திரும்புவதாக அறிவித்தார்.

இதுதான் அவர் தமக்குக் கொடுத்துக் கொண்ட வாக்கு. ஆனால் இந்த விரதத்தின் விலையை அவர் ஒருவரே கொடுத்து விடவில்லை. புதல்வர்களின் வாலிபம் அந்தத் தீவில் கழிந்தது. இளையவர் பிரான்ஸ்வா விக்டர், ஷேக்ஸ்பியரின் நூல்களைப் பிரெஞ்சில் மொழிபெயர்த்துப் பொழுதைப் பயனாக்கிக் கொண்டார். மகள் அடேலுக்கு அந்தப் பாக்கியமும் இல்லை. அவள் 1863-இல் ஓர் ஆங்கிலப் பட்டாள அதிகாரியைத் தேடி வீட்டை விட்டுக் கடல் கடந்து போனாள். முடிவில் சித்தம் பேதலித்துப் போனாள். மனைவி தீவை விட்டுப் பிரஸ்ஸெல்ஸில் பிள்ளைகளோடு அதிகமாகத் தங்கலானார், அங்கேயே காலமானார். கட்டுரையின் தொடக்கத்தில் நாம் கண்ட காட்சியில், எல்லையைத் தாண்டாமல் நின்ற மனிதரின் நெஞ்சில் என்னென்ன கணக்குகள் ஓடியிருக்கும் என்பதை நேயர்களே ஊகித்துக் கொள்ளலாம்.

டிரங்குப் பெட்டியிலிருந்து வந்த நாவல்

1860-இல், பழைய டிரங்குப் பெட்டியிலிருந்து அந்த அரைகுறை நாவலை ஹ்யூகோ வெளியே எடுத்தார். 1861 ஜூன் 30-ஆம் தேதி, பெரிய நெப்போலியன் தோற்ற வாட்டர்லூ போர்க்களத்தின் அருகில் தங்கியிருந்தபோது, அதை எழுதி முடித்தார். பிரஸ்ஸெல்ஸ் பிரசுரகர்த்தர் ஒருவர் அதற்கு 3,00,000 பிராங்கு கொடுத்தார். 1862-இல் பத்துத் தொகுதிகளாக வெளிவந்த அந்த நாவலே "லே மிஸராப்ல்". பாரிஸ் நகரத்துப் புத்தகக் கடைகளில் ஜனங்கள் முண்டியடித்து வாங்கினார்கள். நாவல் எப்படி விற்கிறது என்று கேட்க ஹ்யூகோ ஒரு கேள்விக்குறியை மட்டும் தந்தியடித்தார் என்றும், பதிலாக ஓர் ஆச்சரியக்குறி வந்தது என்றும் ஒரு கதை வழங்குகிறது. ரஸமான கதைதான், ஆனால் ஆதாரம் கிடையாது.

தமிழர்களுக்கும் இந்த நாவல் அந்நியமன்று. புதுச்சேரியில் நெடுங்காலம் வாழ்ந்த கவியோகி சுத்தானந்த பாரதியார் இதை "ஏழைபடும் பாடு" என்ற பெயரில் தமிழாக்கினார். 1950-இல் அது சினிமாவாக வந்தது. நாவலில் வரும் போலீஸ் அதிகாரி ஜாவராக நடித்த சீதாராமன், அதன் பின் ஆயுள் முழுவதும் "ஜாவர்" சீதாராமன் என்றே பெயர் பெற்றார்.

புதுச்சேரி என்றதும் இன்னொன்றும் நினைவுக்கு வருகிறது. பிரெஞ்சுச் சக்கரவர்த்தியை எதிர்த்த கவிக்கு ஆங்கிலக் கொடியின் கீழ் இடம் கிடைத்தது. ஆங்கில ஆட்சியை எதிர்த்த நம் பாரதியாருக்கோ, 1908 முதல் 1918 வரையில், பிரெஞ்சுக் கொடியின் கீழ் இடம் கிடைத்தது. "பாஞ்சாலி சபத"மும் "குயில் பாட்"டும் அங்கேதான் பிறந்தன. எந்த அரசும் தன் வீட்டுக் கவியைக் கண்டு அஞ்சுகிறது. அண்டை வீட்டுக் கவிக்கு வாசல் திண்ணையில் இடம் கொடுத்து விடுகிறது!

யார் நாடு இழந்தவர்?

1870 செப்டம்பர் 2-ஆம் தேதி, ஸெடான் என்ற இடத்தில் மூன்றாம் நெப்போலியன் தம் சேனையுடன் ஜெர்மானியரிடம் சரணடைந்தார். 4-ஆம் தேதி பாரிஸில் குடியரசு பிரகடனமாயிற்று. 5-ஆம் தேதி ஹ்யூகோ பாரிஸ் ரயில் நிலையத்தில் வந்து இறங்கினார். ஏறக்குறைய 19 வருஷம் காத்திருந்தவர், ஒரு நாள்கூட அதிகமாகக் காக்கவில்லை.

சிறைப்பட்ட சக்கரவர்த்தி, விடுதலையான பின் இங்கிலாந்துக்குச் சென்று வசித்தார். அங்கேயே 1873-இல் உயிர் நீத்தார். அந்தத் தேதி ஜனவரி 9. கவியை நாட்டை விட்டு வெளியேற்றும் உத்தரவு பிறந்து, நாள் பிசகாமல் 21 வருஷம் ஆகியிருந்தது!

ஹ்யூகோ 1885 மே 22-ஆம் தேதி காலமானார். அவருடைய விருப்பப்படி, ஏழைகளுக்குரிய சாதாரணச் சவ வண்டியிலேயே உடலை எடுத்துச் சென்றார்கள். ஜூன் 1-ஆம் தேதி அந்த வண்டியின் பின்னும் வழி நெடுகிலும் திரண்ட கூட்டம் இருபது லட்சம் இருக்கும் என்று மதிப்பிட்டார்கள். தேசத்தின் பெரியோர்களுக்குரிய பாந்தியன் மண்டபத்தில் அவர் அடக்கம் செய்யப்பட்டார். ஓத்வில் மாளிகையை அவருடைய சந்ததியார் 1927-இல் பாரிஸ் நகரத்துக்கே கொடுத்து விட்டார்கள். கவி தஞ்சம் புகுந்த அந்நியத் தீவில், இன்று அந்த ஒரு வீடு பாரிஸுக்குச் சொந்தம்.

அவரை வெளியேற்றிய சக்கரவர்த்தியின் கல்லறை எங்கே இருக்கிறது என்று கேட்கிறீர்களா? அது இங்கிலாந்தில், பார்ன்பரோ என்ற ஊரில் இருக்கிறது. அவர் இன்னும் ஊர் திரும்பவில்லை.