சுவரில் ஏறிய பாய்

நத்தார் லீவு நெருங்கினால் எங்கள் வீட்டில் ஒரே கேள்விதான்: சிநேகிதர்களுக்கு என்ன கொடுப்பது? போன முறை எனக்கு வந்த கோப்பையொன்று கைப்பிடி கழன்று, இப்போது பேனைக் கூடாக மேசையில் நிற்கிறது. இந்த வருஷம் கையால் செய்த பொருளாகவே கொடுப்போம் என்று முடிவாயிற்று. எங்களைப் போலக் கண்டிக்கு அருகே திகனயில் இருப்பவர்கள் அதைத் தேடிக் கொழும்புக்குப் போக வேண்டியதில்லை. குண்டசாலைப் பக்கம் நத்தாரம்பொத்தையில் பித்தளை, வெள்ளி வேலைக்காரர்களின் கலாபுரக் கிராமம் இருக்கிறது. (நத்தாருக்கு நத்தாரம்பொத்தை, பெயர்ப் பொருத்தம் பத்துக்குப் பத்து!) ஆனால் என் மனம் போனது மெனிக்கின்னப் பக்கம் ஹேனவலயில் நெய்கிற தும்பறைப் பாய்க்கு.

தும்பில் செய்வதால் தும்பறை என்று நினைத்துவிடாதீர்கள். மகாவலிக்கும் நக்கிள்ஸ் மலைகளுக்கும் இடைப்பட்ட நம் பள்ளத்தாக்கின் பெயர் அது. சிங்களத்தில் 'தும்' என்றால் புகை. காலையில் மலையை மூடுகிற பனிமூட்டத்தால் வந்த பெயர் என்பார்கள். பாய் என்று சொன்னாலும் யாரும் இதை விரித்துப் படுப்பதில்லை. சுவரில் தொங்கும், மேசையில் கிடக்கும், கைப்பையாகும், குஷன் உறையாகும். சிங்களத்தில் இதற்கு 'தும்பர ரட்டா கலால' என்று பெயர்.

நார் கிடைப்பது 'ஹன' என்கிற, கற்றாழை போன்ற செடியிலிருந்து. நீண்ட இலையை மரக்குற்றியின் மேல் வைத்து அழுத்திப் பிடித்துச் சுரண்டினால் பச்சைச் சதை வழிந்துபோய், வெள்ளை நார் மட்டும் மிஞ்சும். சாறு பட்டால் கை அரிக்கும். பார்க்கப் போன நான் தெரியாமல் தொட்டுவிட்டு அன்று மாலைவரை சொறிந்துகொண்டிருந்தேன். நாரைக் கழுவி வெயிலில் காயவைத்துச் சீவினால் வயதானவர்களின் தலைமுடி போலப் பளபளக்கும்.

அடுத்தது சாயம். இதில்தான் வீட்டு வைத்தியப் பெட்டியே திறக்கிறது. சிவப்புக்குப் பதங்கிக் கட்டை. வெட்டிய உடனே வெளிறித் தெரிகிற இந்தக் கட்டையின் சத்து, காற்றுப் பட்டதும் சிவந்துகொண்டே போகும். அவித்த நீரில் ஒரு துளி தேசிக்காய்ப் புளி விட்டால் மஞ்சளாகும். சுண்ணாம்பு சேர்த்தால் கருஞ்சிவப்பாகும். ஆசியாவிலிருந்து போன இந்தக் கட்டையை ஐரோப்பியர் பிரசில் மரம் என்றார்கள். பிறகு தென்னமெரிக்காவில் அதே நிறம் தருகிற மரத்தைக் கண்டு, அந்த நாட்டுக்கே அந்தப் பெயரை வைத்துவிட்டார்கள்.

மஞ்சள் நிறம் மரமஞ்சளிலிருந்து. காய்ச்சலுக்கு நாம் அவித்துக் குடிக்கிற வெனிவெல்தான் அது. காட்டில் கண்டபடி வெட்டியதில் இன்று அருகிவிட்ட கொடி. கறுப்புக்குக் கடுக்காய், தான்றிக்காய். அவற்றோடு நாரை அவித்துச் சேற்றில் புதைத்துவைப்பார்கள். காயின் துவர்ப்பும் சேற்றிலுள்ள இரும்பும் சேர்ந்தால் கறுப்பு. பழைய காலத்து எழுத்து மையும் இதே சேர்க்கைதான். அதே இரும்பு நாளடைவில் நாரை அரித்துவிடும். அதனால் பழைய துணிகளிலும் பாய்களிலும் முதலில் இற்றுப்போவது கறுப்பு இழைதான்.

தறி தரையோடு தரையாக இருக்கிறது. நெய்கிறவரும் தரையில்தான் உட்கார வேண்டும். முன்னால் படம் எதுவும் வரைந்து வைக்கப்படவில்லை. மெல்லிய கோலொன்றால் பாவு இழைகளை எண்ணித் தூக்குகிறார். இத்தனையை எடு, இத்தனையை விடு என்ற கணக்கு. தூக்கிய இழைகளுக்கு அடியால் நிற நாரைச் செலுத்தி, பலகையால் தட்டி இறுக்குகிறார். அடுத்த வரிக்குக் கணக்கு மாறும். எண்ணிக்கொண்டிருக்கும்போது நான் ஏதோ கேட்டேன்; பதில் வரவில்லை. வரி முடிந்த பிறகே தலை நிமிர்ந்து சிரித்தார். புள்ளிக் கோலம் போடுகிற அம்மாவிடம் நடுவில் பேச்சுக் கொடுத்துப் பார்த்தவர்களுக்கு இது புரியும்.

இந்த எண்ணிக்கைதான் உருவங்களுக்கும் அந்த அழகைக் கொடுக்கிறது. இழை நெடுக்கும் குறுக்குமாகத்தான் போகும். வளைவு அதற்குத் தெரியாது. ஆகவே யானையின் முதுகு படிக்கட்டாக இறங்குகிறது. பாம்பு மூலைமூலையாக நெளிகிறது. மானின் கொம்பு ஏணி போல நிற்கிறது. கணக்கை மனதில் வைக்காமல் துளையிட்ட அட்டைகளில் ஏற்றி, தறியையே எண்ணவைத்தவர் பிரான்சின் ஜக்கார். அது 1804இல். கணினிக்கு வழிகாட்டியவற்றில் ஒன்று என்று அந்த அட்டையைப் புகழ்கிறோம். ஹேனவலயில் அந்த அட்டை நெய்கிறவரின் தலைக்குள் இருக்கிறது.

இதை நெய்துவந்தவர்கள் கின்னர சமூகத்தவர்கள். புராணத்தில் கின்னரர் தேவலோகத்து இசைவாணர்கள். கண்டி இராச்சியத்திலோ அந்தப் பெயர் சாதி அடுக்கின் அடித்தட்டில் கிடந்தது. கண்டியில் ஏறக்குறைய 19 வருஷம் சிறையிருந்த ஆங்கிலேயர் ரொபர்ட் நொக்ஸ் 1681இல் வெளியிட்ட நூலில், நல்ல பாய் பின்னுகிற இவர்கள் தலையில் எதுவும் அணியக்கூடாது என்ற விதியைப் பதிந்திருக்கிறார். பாய்க்கு அரண்மனையில் இடமிருந்தது, பின்னியவரின் தலைக்கு ஒரு துண்டுத் துணி கிடையாது.

பிற்பாடு இந்தக் கைகளை மதித்து எழுதியவர்களில் முக்கியமானவர் கொழும்பில் பிறந்த தமிழர், சேர் முத்துக்குமாரசுவாமியின் மகன் ஆனந்த குமாரசுவாமி. கனிம ஆய்வுக்காக ஊர் ஊராகத் திரிந்தவர், கல்லை விட்டுக் கலையைப் பிடித்துக்கொண்டார். சிங்களக் கலைகளைப் பற்றிய அவருடைய பெரிய நூல் 1908இல் 425 பிரதிகளே அச்சானது. தும்பறைப் பாய் நெசவை யுனெஸ்கோ தன் மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது 2021 டிசம்பரில்.

வாங்கப் போகிறவர்களுக்குச் சில வார்த்தை. பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். அச்சடித்த போலியென்றால் அங்கே நிறம் வெளிறியிருக்கும். இப்போது பருத்தி நூல் கலப்பதும் உண்டு, இரசாயனச் சாயமும் உண்டு. கேட்டால் மறைக்காமல் சொல்வார்கள், விலையும் குறையும். இயற்கைச் சாயம் என்றால் வெயில் விழுகிற சுவரில் மாட்டாதீர்கள். மடித்துக் கட்டினால் நார் முறியும், சுருட்டித்தான் கொடுக்க வேண்டும். பேரம் பேசுவதை மட்டும் மரக்கறிச் சந்தையோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

இன்னுமொன்று. பெரிய சுவர்ப்பாய் ஒன்றுக்குப் பல நாள் வேலை இருக்கிறது. டிசம்பர் 20ஆம் திகதி போய் நின்றால் நத்தாருக்குக் கிடைக்காது. நான் அப்படித்தான் போய் நின்றேன். என் சிநேகிதனுக்குப் பொங்கலுக்குத்தான் கொடுத்தேன்.