ஓடுகிற காரை நிறுத்துவது காற்று! ரேஸ் கார் பிரேக்குக்கு குழாய் வைத்தியம்

அவிநாசி —

கார் பந்தயம் என்றால் எல்லோரும் வேகத்தைப் பற்றித்தான் பேசுகிறார்கள். எவ்வளவு வேகம் போச்சு, யார் முந்தினான் என்பதுதான் பேச்சு. ஆனால் ஓட்டுகிறவனின் உயிர் பிரேக் பெடலில் இருக்கிறது.

அந்தப் பெடல் திடீரென்று பஞ்சு மூட்டையை மிதித்த மாதிரி தரை வரைக்கும் இறங்கிவிட்டால்?

இது கற்பனை அல்ல. 2012-ம் ஆண்டு ஜூன் மாதம், கனடா நாட்டு மாண்ட்ரியல் நகரில் பார்முலா ஒன் பந்தயம். மொத்தம் 70 சுற்று. நம்ம கோவைக்காரர் நரேன் கார்த்திகேயன் எச்.ஆர்.டி. டீம் காரில் ஓடுகிறார். 22 சுற்று முடிந்தது. அதோடு பந்தயத்தை விட்டு வெளியே வந்துவிட்டார். காரணம்: பிரேக் கோளாறு! அடுத்த கொஞ்ச நேரத்தில் அதே டீமின் இன்னொரு வீரர், ஸ்பெயின் நாட்டு பெட்ரோ டி லா ரோசாவும் 24 சுற்றோடு அவுட். அவருக்கும் பிரேக்தான். ஒரே டீம், ஒரே நாள், ஒரே வியாதி.

மாண்ட்ரியல் மைதானம் பிரேக்குக்கு எமன் என்று பெயர் எடுத்தது. நீளமான நேர் ரோட்டில் 300 கிலோமீட்டருக்கு மேல் பறந்து வந்து, சட்டென்று மிதித்து, வளைவில் திரும்பி, மறுபடி பறக்க வேண்டும். ஆறுவதற்கு நேரமே கிடைக்காது. எத்தனையோ கோடி கொட்டிச் செய்த காருக்கே இந்தக் கதி என்றால், வீட்டுக் காரை எடுத்துக்கொண்டு டிராக்கில் இறங்குகிறவர்கள் கதி என்ன?

இரண்டு லிட்டர் தண்ணீர் கொதிக்கும்!

கோவையை அடுத்த செட்டிப்பாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிறது. 2 கிலோமீட்டருக்குச் சற்று மேல் நீளம். வளைந்து வளைந்து போகும். 1995-ல் விமான விபத்தில் உயிரிழந்த கரிவர்தன் பெயரில் அமைந்தது. மாருதி 800 என்ஜினைப் போட்டு ஒற்றை ஆள் ரேஸ் கார் செய்து, நாட்டில் நிறைய இளைஞர்களை ஸ்டியரிங் பிடிக்க வைத்தவர் அவர். கோவைப் பட்டறைகளுக்கு ரேஸ் ஜுரம் பிடித்ததில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு.

இப்படி ஒரு டிராக்கில் ஓடும் கார் ஓட்டுகிறவரையும் சேர்த்து 900 கிலோ என்று வைத்துக்கொள்வோம். 150 கிலோமீட்டர் வேகத்தில் வந்து, வளைவுக்காக 60-க்கு இறக்குகிறார். மூன்று விநாடி வேலை. அந்த மூன்று விநாடியில் கார் இழக்கிற சக்தி இரண்டு லிட்டருக்கு மேல் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதும். அதில் பெரும்பங்கு பிரேக்கில்தான் சூடாக இறங்குகிறது. அதிலும் முன் சக்கரம் இரண்டுக்கும்தான் அதிக அடி.

ஒரு தடவை என்றால் பரவாயில்லை. ஒவ்வொரு சுற்றுக்கும் நாலைந்து தடவை! பத்து சுற்று ஓடினால் கணக்குப் போட்டுக்கொள்ளலாம். வேகம் இரண்டு மடங்கு ஆனால் சூடு நாலு மடங்கு ஆகும் என்பது இன்னொரு வம்பு. இரும்பு டிஸ்க் 600 டிகிரி தாண்டினால் மங்கின வெளிச்சத்தில் செக்கச் செவேலென்று தெரியும்.

அவிநாசித் தேரைப் பார்த்தவர்களுக்கு இது புதிது அல்ல. அத்தனை பெரிய தேரையும் சக்கரத்துக்கு அடியில் போடுகிற சன்னக்கட்டைதான் திருப்புகிறது, நிறுத்துகிறது. கட்டையும் சக்கரமும் உரசும். உரசினால் சூடு. தேர் மெதுவாகப் போவதால் தப்பித்தது.

பெடல் ஏன் இறங்குகிறது?

இரண்டு விதமாகப் பிரேக் காலை வாரும்.

ஒன்று, பேட் சூடு. பேடில் உள்ள பசைப் பொருள் அளவுக்கு மீறி வெந்தால் வாயு கிளம்பும். பேட் வழுக்கும். பெடல் கெட்டியாகத்தான் இருக்கும், ஆனால் என்ன மிதிச்சாலும் வண்டி நிற்காது.

இன்னொன்று அதைவிடப் பொல்லாதது. பிரேக் ஆயில் கொதிப்பது. கடையில் விற்கிற டாட் 3 ஆயில் புதிதாக இருக்கும்போது 205 டிகிரி வரை தாங்க வேண்டும், டாட் 4 என்றால் 230. ஆனால் இந்த ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். ஈரம் ஏறிய பிறகு டாட் 3-க்கு 140, டாட் 4-க்கு 155 டிகிரிதான் உத்தரவாதம். கொதித்தால் குழாய்க்குள் ஆவிக் குமிழ். குமிழ் அமுங்கும், அழுத்தம் சக்கரத்துக்குப் போகாது. பெடல் நேரே தரைக்குப் போகும்.

"பிரேக் நிக்கலீங்க" என்று சொல்வதற்குள் சுவர் வந்துவிடும்.

மூன்று அங்குலக் குழாய்

இதற்குத்தான் காற்றுக் குழாய். விஷயம் சுலபம்தான். முன் பம்பரில் காற்று நேராக மோதுகிற இடத்தில் ஒரு வாய். பல பேர் பனி விளக்கைக் கழற்றிவிட்டு அந்த ஓட்டையையே வைத்துக்கொள்கிறார்கள். அங்கிருந்து மூன்று அங்குல ஹோஸ் சக்கரத்துக்குப் போகிறது. சாதாரண பிளாஸ்டிக் ஹோஸ் உருகிவிடும். கண்ணாடி இழைத் துணியில் சிலிக்கான் பூசி, உள்ளே கம்பிச் சுருள் வைத்ததுதான் தாங்கும்.

எல்லாம் சரி, காற்றை எங்கே ஊதுவது? இங்கேதான் பாதிப் பேர் கோட்டை விடுகிறார்கள். டிஸ்கின் முகத்தில் ஊதினால் போதும் என்று நினைக்கிறார்கள். ஊதுகிற பக்கம் ஆறும், மறுபக்கம் கொதிக்கும். டிஸ்க் கோணும், விரிசல் விடும். வைத்தியம் செய்யப்போய் வியாதி!

உள்ளே இடைவெளி விட்டுச் செய்த டிஸ்க் இரண்டு தட்டுக்கு நடுவே சிறகு வைத்த மாதிரி இருக்கும். சுற்றும்போது அதுவே பம்ப். நடுவில் காற்றை இழுத்து ஓரத்தில் வீசி எறியும். ஆகவே குழாயின் வாய் டிஸ்கின் நடுத் துவாரத்தைப் பார்க்க வேண்டும். சக்கரத்துக்கு உள்பக்கம் ஒரு தகடு வெட்டி, ஹோஸை அதில் பொருத்தி, காற்று வேறெங்கும் ஓடாமல் டிஸ்கின் வயிற்றுக்குள் போகும்படி செய்வதுதான் கைத்திறமை. கெட்டி டிஸ்க் உள்ள பழைய காருக்கு இந்த வழி கிடையாது. அதற்குக் குழாய் வைத்தாலும் பலன் குறைவுதான்.

அப்புறம் ஹோஸ் போகிற வழி. ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் முழுக்க ஒடித்து, சக்கரத்தை ஏற்றி இறக்கிப் பார்க்க வேண்டும். டயரில் உரசினால் இரண்டு சுற்றில் கிழிந்து தொங்கும். கூர்மையாக மடங்கினால் காற்று பாதியில் நின்றுவிடும்.

வைத்தது வேலை செய்கிறதா? ஊகம் வேண்டாம். டிஸ்க் ஓரத்தில் பூசுகிற சூட்டுப் பெயிண்ட் இருக்கிறது. இத்தனை டிகிரி தாண்டினால் நிறம் மாறும். காலிபரில் ஒட்டுகிற ஸ்டிக்கரும் உண்டு. குழாய்க்கு முன்னே ஒரு தடவை, பின்னே ஒரு தடவை ஓடிப் பார்த்தால் வண்டவாளம் தெரிந்துவிடும்.

பெரிய குழாயாக வைத்துவிட்டால் எல்லாம் தீர்ந்ததா? அதுவும் இல்லை. வாய் பெரிதானால் காற்று காரைப் பிடித்து இழுக்கும், நேர் ரோட்டில் வேகம் குறையும். பார்முலா ஒன் காரின் கார்பன் பிரேக் சூடு போதாவிட்டால் பிடிக்கவே பிடிக்காது. அதனால் அந்த டீம்கள் ஊருக்கு ஊர் குழாய் வாயை மாற்றுகின்றன.

ஊட்டி போகிறவர்கள் கவனிக்க

"நமக்கெதுக்குங்க ரேஸ் சமாச்சாரம்" என்று கேட்கலாம். ஞாயிற்றுக்கிழமை ஆனால் அவிநாசியிலிருந்தும் திருப்பூரிலிருந்தும் அன்னூர், மேட்டுப்பாளையம் வழியாக ஊட்டிக்குக் கார்கள் வரிசை கட்டுகின்றன. ஏறும்போது ஒன்றும் தெரியாது. இறங்கும்போதுதான் வினை. குடும்பத்தோடு ஏழு பேர், மேலே மூட்டை, வழி முழுக்கப் பிரேக்கில் கால். வேகம் 40 கூட இருக்காது. ஆகவே காற்றும் இல்லை, சூடு மட்டும் ஏறிக்கொண்டே போகும். ரேஸ் காரனுக்கு வருகிற அதே வியாதி, ஹெல்மெட் இல்லாமல் வருகிறது. 36 கொண்டை ஊசி வளைவு கொண்ட கல்லட்டிப் பாதையில் கார்கள் உருண்ட கதை நீலகிரிக்காரர்கள் எல்லோருக்கும் தெரியும்.

இங்கே குழாய் தேவையில்லை. இரண்டாவது கியரில் இறங்கினால் என்ஜினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும். மலைப் பாதையில் போலீசார் சொல்வதும் அதுதான். பிரேக்கை அழுத்தி விட்டு, அழுத்தி விட்டுப் போக வேண்டும். தேய்த்துக்கொண்டே போகக் கூடாது. மலைக்குக் கிளம்பும் முன் பிரேக் ஆயிலை மெக்கானிக்கிடம் காட்ட வேண்டும். இரண்டு வருஷம் ஆன ஆயில் என்றால் மாற்றிவிட வேண்டும்.

கருகிய வாடை வந்தால் ஓரங்கட்டி அரை மணி நேரம் நிறுத்த வேண்டியதுதான். சிலர் பர்லியாறில் இறங்கி, புகைகிற சக்கரத்தில் ஒரு குடம் தண்ணீரை ஊற்றுகிறார்கள். பழுக்கக் காய்ந்த டிஸ்கில் பச்சைத் தண்ணீர் பட்டால் விரிசல் விடும். தண்ணீரைக் குடித்துவிட்டு, ஒரு டீயும் குடித்தால் அதற்குள் சக்கரம் தானாகவே ஆறிவிடும்.