நள்ளிரவு வயிற்றுவலி வாய்வுதானா?

மேல்மலையனூர் கோயிலுக்கு அமாவாசையன்று போய்வந்து விரதம் முடித்தவர், மறுநாள் வயிறாரக் கறிச்சோறு சாப்பிடுகிறார். நள்ளிரவில் வலது மேல்வயிற்றில் வலி. முதுகுக்கும் வலது தோள்பட்டைக்கும் பரவுகிறது. ஏன்?

கொழுப்பு குடலை எட்டியதும் கோலிசிஸ்டோகைனின் என்ற ஹார்மோன் சுரந்து பித்தப்பையைச் சுருங்கவைக்கும். உள்ளே கல் இருந்தால் அது பித்தப்பைக் குழாயின் வாயை அடைத்துக்கொள்ளும். அடைப்பை எதிர்த்துப் பை இறுகுவதால்தான் வலி. கல் விலகினால் சில மணி நேரத்தில் தணிந்துவிடும். அதை வாய்வு என்று எண்ணி, சோடா குடித்துவிட்டு மறந்துவிடுகிறோமே, அதுதான் கவலை. தணிந்தாலும் வயிற்று ஸ்கேன் எடுத்தே ஆகவேண்டும்.

வலி தாங்கமுடியாமல் நீடித்தால், குளிர்காய்ச்சலோ ஓயாத வாந்தியோ வந்தால், கண் மஞ்சளானால் விடியும்வரை காத்திருக்காதீர்கள். நெஞ்சு அழுத்தமும் வியர்வையும் சேர்ந்தால் மாரடைப்பாகவும் இருக்கலாம். உடனே 108-ஐ அழையுங்கள்.