பவர் ஸ்டீயரிங் ஆயில் கசியுதா? பாட்டில் வாங்கி ஊத்துறதுக்கு முன்னாடி இதைப் படிங்க



சம்பளத்துல மிச்சம் பிடிச்சு செகண்ட் ஹேண்ட்ல ஒரு கார் வாங்கியிருக்கீங்க. பார்க்கிங்ல ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது ஒரு முனகல் சத்தம் வருது. வண்டியை எடுத்தா, முன்சக்கரத்துக்குப் பக்கத்துல தரையில எண்ணெய்க் கறை. இந்த இடத்துல நிறைய பேர் என்ன செய்றாங்க? ஒரு பாட்டில் ஆயில் வாங்கி ஊத்திட்டு ஆபீஸ் கிளம்பிடுறாங்க. சில நூறு ரூபாதானேன்னு மாசா மாசம் இதே கதை ஓடும்.

கிரெடிட் கார்டுக்கு மினிமம் டியூ மட்டும் கட்டுற மாதிரிதான் இது. பவர் ஸ்டீயரிங் பம்புக்கு உயவு கொடுக்கிறதே அந்த ஆயில்தான். அளவு குறைஞ்சா காத்து உள்ளே போகும், பம்ப் தேயும், தேஞ்ச இரும்புத் துகள் ஆயிலோட சேர்ந்து ஸ்டீயரிங் ராக்குக்குப் போய் சீலைக் கிழிக்கும். ஒரு ஹோஸோட முடிய வேண்டிய செலவு, பம்ப், ராக்னு ஆயிரக்கணக்குல போய் நிக்கும்.

முதல்ல ஒரு சந்தேகத்தைத் தீர்த்துக்கோங்க. உங்க காருக்கு இந்த ஆயிலே உண்டா? ஸ்விஃப்ட், வேகன் ஆர் மாதிரி வண்டிகள்ல இருக்கிறது எலெக்ட்ரிக் பவர் ஸ்டீயரிங். அதுல ஆயிலும் கிடையாது, கசிவும் கிடையாது. அந்த வண்டிக்கு யாராவது "ஸ்டீயரிங் ஆயில் மாத்தணும் சார்"னு சொன்னா, சாவியை வாங்கிட்டு வந்துடுங்க. பழைய இன்னோவா, ஸ்கார்பியோ, 2010-ல வந்த முதல் தலைமுறை ஃபிகோ மாதிரி ஹைட்ராலிக் வண்டி வச்சிருக்கிறவங்களுக்குத்தான் இந்தக் கட்டுரை.

கசிவு எங்கேன்னு கண்டுபிடிக்கிறதுலதான் உங்க பணம் மிச்சமாகும். இதுக்கு மெக்கானிக் படிப்பு தேவையில்லை. ராத்திரி நிறுத்தும்போது இன்ஜினுக்குக் கீழே ஒரு பெரிய அட்டையை விரிச்சு வைங்க. காலையில சொட்டின எண்ணெய் சிவப்பா இருந்தா பெரும்பாலும் இதுதான். ஆனா ஆட்டோமேட்டிக் கியர் ஆயிலும் சிவப்பாதான் இருக்கும். பழசான ஸ்டீயரிங் ஆயில் பழுப்பாகி இன்ஜின் ஆயில் மாதிரியே தெரியும். அதனால நிறத்தை மட்டும் நம்பாதீங்க, பானட்டைத் திறந்து ஸ்டீயரிங் ஆயில் டப்பாவுல அளவு குறைஞ்சிருக்கான்னு பாருங்க. வெறும் தண்ணியா இருந்தா ஏசி தண்ணி, கவலையே வேண்டாம்.

அடுத்து டப்பா, பம்ப், ஹோஸ் எல்லாத்தையும் துணியால சுத்தமா துடைச்சிடுங்க. பழைய அழுக்கு மேல பார்த்தா எல்லாமே கசியுற மாதிரிதான் தெரியும். இன்ஜினை ஓட விட்டு, நண்பரை உட்கார வச்சு, ஸ்டீயரிங்கை இடது கோடியிலிருந்து வலது கோடிக்கு நாலஞ்சு தடவை திருப்பச் சொல்லுங்க. கோடியில போய் அழுத்திப் பிடிச்சுட்டே இருக்கக் கூடாது, பம்புக்கு ஆகாது. நீங்க கை, துப்பட்டா, சட்டைக் கை எதுவும் பெல்ட் பக்கம் போகாம தள்ளி நின்னு டார்ச் அடிச்சுப் பாருங்க. முதல்ல எங்கே ஈரம் பூக்குதோ, கசிவு அங்கேதான். ஆயில் கீழே ஓடும், மேலே ஏறாது. அதனால ஈரம் இருக்கிறதிலேயே உயரமான இடத்தைத் தேடுங்க.

டப்பாவுக்குத் திரும்பி வர ரிட்டர்ன் ஹோஸ்ல ஈரம்னா நீங்க அதிர்ஷ்டசாலி. கிளாம்ப் தளர்ந்திருக்கும், இல்ல ரப்பர் வெடிச்சிருக்கும், சின்ன செலவோட முடிஞ்சிடும். பம்பிலிருந்து ராக்குக்குப் போற பிரஷர் ஹோஸ் வேற ரகம். டயர்ல 32 பிஎஸ்ஐ காத்து அடிக்கிறோம் இல்லையா, இந்த ஹோஸ்ல 1000 பிஎஸ்ஐ-க்கு மேல அழுத்தம் ஏறும். அதுல டேப் சுத்துறது, கிளாம்ப் போடுறது எல்லாம் வேலைக்கே ஆகாது. சூடான சைலன்சர் குழாய் மேல ஆயில் பீய்ச்சினா தீப்பிடிக்கிற ஆபத்தும் இருக்கு. இதுல மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம், ஹோஸையே மாத்திடுங்க.

சக்கரத்துக்கு உள்பக்கம் மடிப்பு மடிப்பா ஒரு ரப்பர் உறை இருக்கும். இன்ஜினை நிறுத்திட்டு அதை அமுக்கிப் பாருங்க. உள்ளே ஆயில் தளும்பினா ராக் சீல் போயிடுச்சு. பெரிய கொட்டேஷன் வர இடம் இதுதான். "ராக்கையே மாத்தணும்"னு சொன்னா உடனே தலையாட்டாம, "சீல் கிட் போட முடியுமா, ராக் ஷாஃப்ட்ல துரு இருக்கா?"ன்னு கேளுங்க. ஷாஃப்ட் வழவழன்னு இருந்தா சீல் கிட் போதும், புது ராக்கை விட ரொம்பக் கம்மியா முடியும். துருப்பிடிச்சுப் பள்ளம் விழுந்திருந்தா புது சீலையும் அது சீக்கிரமே அறுத்துடும். அப்போ சீல் கிட் போடுறது தண்டச் செலவு. கழட்டினதும் ஷாஃப்டை போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்க, நியாயமான மெக்கானிக் மறுக்க மாட்டார்.

லீக்கை நிறுத்தும்னு விக்கிற திரவங்கள் பத்தியும் கேக்குறீங்க. ரப்பர் சீலைக் கொஞ்சம் உப்ப வைக்கும், அவ்வளவுதான். லேசான கசிவுக்குச் சில நாள் தாங்கலாம். வெடிச்ச ஹோஸுக்கு ஒண்ணும் செய்யாது.

இன்சூரன்ஸ்ல கிளைம் பண்ணலாமான்னா, முடியாது. தேய்மானமும் மெக்கானிக்கல் கோளாறும் சாதாரண பாலிசியில வராது, ஜீரோ டெப் எடுத்திருந்தாலும் அதே கதைதான். எமர்ஜென்சி ஃபண்டைத் தொடாம, வண்டிக்குன்னு மாசம் ஒரு தொகையைத் தனியா ஒதுக்கச் சொல்றது இதுக்குத்தான். பில்லையும் பாருங்க. 2025 செப்டம்பர் 22-லிருந்து கார் உதிரி பாகங்களுக்கு ஜிஎஸ்டி 18%தான். இன்னும் 28% போட்டிருந்தா கேளுங்க.

வேலை முடிஞ்சதும் காத்தை வெளியேத்தியாச்சான்னு உறுதி பண்ணிக்கோங்க. டப்பாவுல நுரை தெரிஞ்சாலோ, முனகல் சத்தம் போகலைன்னாலோ இன்னும் காத்து இருக்கு. எந்த ஆயில்னு ஓனர்ஸ் மேனுவல்ல போட்டிருக்கும், அதையே ஊத்தச் சொல்லுங்க. பிரேக் ஆயிலை மாத்தி ஊத்தினா எல்லா சீலும் காலி. கழட்டின பழைய பாகத்தைக் கேட்டு வாங்குங்க. ஒரு வாரம் கழிச்சு அதே அட்டையை மறுபடி ஒரு ராத்திரி விரிச்சு வச்சுப் பாருங்க. சொட்டு இருந்தா பில்லோட அதே ஒர்க்‌ஷாப்புக்குப் போங்க.