மின்னைக் கடத்தும் பல்பகுதியங்கள்

மட்டக்களப்பு வாவியில் வீசும் தங்கூசி வலையும், மின்கம்பியின் மேலுறையும், கடைத்தெருப் பொலித்தீன் பையும் ஓரினத்தைச் சேர்ந்தவை. சிறு மூலக்கூறுகள் பல கோவைப்பட்டு நீண்ட சங்கிலிகளாய் அமைந்த இவற்றைப் பல்பகுதியங்கள் என்பர். இவை மின்னைக் கடத்தா என்பதே நெடுங்காலக் கொள்கை. 1977இல் அக்கொள்கை தளர்ந்தது. யப்பானியரான ஷிரகாவாவும் அமெரிக்காவில் ஆய்ந்த மக்டயர்மிட், ஹீகர் ஆகியோரும் பொலியசற்றலீன் படலத்தை அயடீன் ஆவியில் வைத்தபோது, அதன் கடத்துதிறன் ஏறக்குறைய ஒரு கோடி மடங்கு உயர்ந்தது. 2000ஆம் ஆண்டின் இரசாயனவியல் நோபல் பரிசு இம்மூவருக்கும் உரியதாயிற்று.

இஃது எவ்வாறு நிகழ்ந்தது? அச்சங்கிலியில் காபன் அணுக்களிடையே ஒற்றைப் பிணைப்பும் இரட்டைப் பிணைப்பும் மாறி மாறி வருகின்றன. ஆயினும், நிறைந்த பந்தியில் ஒருவர் எழுந்தாலன்றி மற்றவர் நகரவியலாதவாறு, இலத்திரன்கள் இடம்பெயர வழியின்றி நிற்கின்றன. அயடீன் அவற்றுட் சிலவற்றைக் கவர்ந்து கொள்ள, வெற்றிடங்கள் தோன்றுகின்றன. அடுத்துள்ள இலத்திரன் அவ்விடத்தை நிரப்ப, மின் ஓடுகின்றது. இதனை மாசூட்டல் என்பர். மாசு என்பது குற்றத்தைக் குறிப்பது தமிழ் வழக்கு. இங்கோ அளவறிந்து சேர்த்த மாசு குணமாகின்றது.

அங்ஙனமாயின் மாசினைப் பெருக்கிக்கொண்டே போகலாமோ எனின், அன்று. அளவு மிஞ்சின் அது சங்கிலிகளின் ஒழுங்கைக் குலைத்துவிடும். மின் ஒரு சங்கிலியின் வழியே ஓடுதல் மட்டும் போதாது; மறு சங்கிலிக்குத் தாவவும் வேண்டும். சிக்குண்ட நூலிலும் மருதமுனை நெசவாளர் பாவோட்டிய நூல் நேரியது அன்றோ? அவ்வாறே, படலத்தை இழுத்து நீட்டினால் சங்கிலிகள் ஒருதிசைப்பட்டு, அத்திசையில் கடத்துதிறன் மிகும். 'பெடொட்' எனச் சுருக்கி வழங்கும் பல்பகுதியக் கலவையை எதிலீன் கிளைக்கோலினாற் பரிகரித்தால், கடத்தாப் பகுதி விலகிச் சங்கிலிகள் நிமிர, அதன் திறன் நூற்றுக்கணக்கான மடங்கு உயர்கின்றது. ஆகவே, மாசின் அளவும் சங்கிலியின் ஒழுங்கும் ஒருங்கே வேண்டப்படும்.

இவ்வினப் பல்பகுதியங்களை உலோக ஒட்சைட்டுகளோடு சேர்த்துச் சூரியக்கலம் அமைக்கும் ஆய்வில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பௌதிகவியற்றுறையினரும் ஈடுபட்டுள்ளனர். கரைசலாகப் பூசத்தக்க இக்கலங்களை மலிவாகச் செய்தல் கூடும். எனினும் ஈரமும் ஒட்சிசனும் இவற்றை விரைவில் நலியச் செய்கின்றன. உப்புக்காற்று வீசும் நம் கரையில் இக்குறை பெரிதும் கருதத்தக்கது. வெயிலுக்குக் குறைவில்லாத இந்நாட்டில், அக்குறையை நீக்கும் பணி நம் மாணாக்கரை எதிர்நோக்கி நிற்கின்றது. விஞ்ஞானமும் தமிழும் ஒருங்கு கற்றுத் துறைபோகிய விபுலானந்த அடிகளார் பிறந்த மண்ணில், அப்பணிக்கு முன்வருவோர் பலர் தோன்றுவர் என நம்புகின்றோம்.