முன்பாரமும் பின்பாரமும்

மாட்டு வண்டியில் பாரம் ஏற்றுவதை நீங்கள் கூர்ந்து பார்த்ததுண்டா? கொல்லிமலையின் அடிவாரத்திலுள்ள எங்கள் முள்ளுக்குறிச்சியில் ஒரு காலத்தில் அஃது அன்றாடக் காட்சி. மலையிலிருந்து இறங்கிய பலாவும் வாழையும் அன்னாசியும் வண்டியேறும். பாரம் ஏற்றி முடித்ததும் வண்டிக்காரர் நுகத்தடியைக் கையால் தூக்கிப் பார்ப்பார். முன்பாரம் மிகுந்தால் காளைகளின் கழுத்து புண்ணாகும். பின்பாரம் மிகுந்தால் நுகத்தடி மேலெழும்பிக் கழுத்துக் கயிறு குரல்வளையை இறுக்கும். ஒரு மூட்டையை ஒரு சாண் பின்னே தள்ளுவார். வண்டி சமநிலைக்கு வந்துவிடும். பௌதிக நூலின் நெம்புகோல் பாடம் முழுவதும் அந்த ஒரு சாணில் அடங்கியிருந்தது.

இன்று நான் பேச எடுத்துக்கொண்டதும் ஒரு மூட்டையைப் பின்னே தள்ளும் கதைதான். மூட்டை, ஒரு பாட்டரி. வண்டி, ட்ரயம்ப் ஸ்பிட்ஃபயர் என்னும் பழைய இருவர் ஸ்போர்ட்ஸ் கார். இங்கிலாந்தில் 1962 முதல் 1980 வரை செய்யப்பட்டது. அந்நிய வண்டி என்று ஒதுக்கிவிட வேண்டாம். நமக்கு அது உறவுமுறைதான். சென்னையில் 1961 முதல் செய்யப்பட்ட ஸ்டாண்டர்டு ஹெரால்டு உங்கள் பாட்டனார்களுக்கு நன்கு அறிமுகமான வண்டி. அதன் மூலமான ட்ரயம்ப் ஹெரால்டின் அமைப்பிலிருந்து பிறந்ததே ஸ்பிட்ஃபயர். முன்மூடி முழுவதும் முதலை வாயைப் போல முன்னோக்கித் திறப்பது இரண்டுக்கும் பொது. மூடியைத் திறந்தால் என்ஜினுக்குப் பின்னே, தடுப்புச் சுவரின் மேல் பாட்டரி அமர்ந்திருக்கும்.

என்னிடம் படித்த ஒருவர் பழைய வண்டிகளைச் செப்பனிடுபவர். அத்தகைய வண்டியொன்று அவர் கைக்கு வந்தது. "ஐயா, பாட்டரியைப் பின்பெட்டிக்குக் கொண்டுபோனால் வளைவுகளில் வண்டி நன்றாகத் திரும்புமாமே? கிணற்று மோட்டாருக்கு வாங்கிய கம்பி மிச்சமிருக்கிறது, அதையே இழுத்துவிடட்டுமா?" என்று கேட்டார். காரவள்ளியிலிருந்து மலையேறும் பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. அவற்றை மனத்தில் வைத்துத்தான் கேட்டார். "தம்பி, முதலில் கணக்கைப் போடு, கம்பியைப் பிறகு பார்க்கலாம்" என்றேன்.

அந்தக் கணக்கை நீங்களும் போட்டுப் பாருங்கள். முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே உள்ள தூரம் ஏறக்குறைய 2.1 மீட்டர். பாட்டரியின் எடை 15 கிலோ என்று கொள்வோம். அதை 1.8 மீட்டர் பின்னே நகர்த்தினால், 15-ஐ 1.8-ஆல் பெருக்கி 2.1-ஆல் வகுக்க வேண்டும். விடை 12.9 கிலோ. அவ்வளவு பாரம் முன்சக்கரங்களை விட்டுப் பின்சக்கரங்களுக்குப் போகிறது. வண்டியின் மொத்த எடையோ 700 கிலோவுக்குச் சற்று மேல். ஆக, மாறுவது நூற்றுக்கு இரண்டு பங்குகூட இல்லை. பந்தயக்காரனுக்கு இது பெரிது. மலைக்குப் போய் அருவி பார்த்து வருபவனுக்கு அத்தனை பெரிதன்று. மேலும் பாரத்தை அச்சுக்கு அப்பால் வால்புறத்தில் தொங்கவிட்டால், நீண்ட காவடியைத் தோளில் வைத்துச் சட்டென்று திரும்புவது எத்தனை கடினமோ, அத்தனை கடினமாகும் வண்டி திரும்புவதும். இருக்கைகளுக்குப் பின்னே, அச்சுக்கு முன்னே வைப்பது மேல். 1962-இல் வெளிவந்த எம்.ஜி.பி. காரில் இரண்டு 6 வோல்ட் பாட்டரிகளை அவ்விடத்தில்தான் வைத்தார்கள். 1959-இல் வந்த மினியில் பாட்டரி பின்பெட்டியில் இருந்தது. குறுக்காகப் படுத்த என்ஜின் முன்புறத்தை அடைத்துக்கொண்டது அதற்கு ஒரு காரணம்.

இனி, கம்பிக்கு வருவோம். விஷயத்தின் உயிர்நிலை இங்கேதான் இருக்கிறது. வண்டியைக் கிளப்பும் ஸ்டார்ட்டர் மோட்டார் அந்தச் சில விநாடிகளுக்கு 200 ஆம்பியர் அளவில் மின்சாரம் குடிக்கும். பாட்டரி முன்னே இருந்தபோது கம்பி குறுகியது. பின்னே போனால் 4 மீட்டர் வேண்டும். 16 சதுர மில்லிமீட்டர் செப்புக் கம்பியானால் அந்நீளத்தின் மின்தடை 0.0043 ஓம். 200-ஆல் பெருக்குங்கள், 0.86 வோல்ட் வழியிலேயே தொலைந்துவிடும். கிளப்பும்போது பாட்டரியே 12 வோல்டிலிருந்து 10 வோல்ட் அளவுக்குத் தளர்ந்து நிற்கும். அதிலும் இந்த இழப்பா? குளிர்ந்த விடியற்காலையில் என்ஜின் முனகுமேயன்றிக் கிளம்பாது. 35 சதுர மில்லிமீட்டர் கம்பியானால் இழப்பு 0.4 வோல்ட், 50 ஆனால் 0.3-க்கும் குறைவு. அந்த மிச்சக் கம்பியோ 16-தான். அது கிணற்றுக்கே திரும்பிப் போயிற்று.

போகும் வழியைப் பற்றி மட்டும் எண்ணித் திரும்பும் வழியை மறப்பவர் பலர். மின்சாரம் வண்டியின் உடல் வழியாகப் பாட்டரிக்குத் திரும்ப வேண்டும். வர்ணத்தின்மேல் திருகிய இணைப்பு பயனற்றது. இரும்பு பளபளக்கும்வரை சுரண்டி இணைக்க வேண்டும். என்ஜின் ரப்பர்த் திண்டுகளின்மேல் அமர்ந்திருப்பதால், அதற்கும் உடலுக்கும் இடையே தடித்த செப்புப் பட்டை அவசியம். அது அறுந்துபோனால் மின்சாரம் ஆக்சிலேட்டர் கம்பியைத் தேடிப் பிடித்து, அதைச் சூடேற்றிவிடும். 1960-களின் நடுப்பகுதி வரை ஆங்கிலேய வண்டிகள் பலவற்றில் நேர்முனையே உடலோடு இணைக்கப்பட்டிருந்தது என்பதையும் கவனிக்க வேண்டும். எந்த முனை எதற்கு என்று பாராமல் இணைத்தால் நஷ்டம் உறுதி.

அடுத்தது நெருப்பு. ஸ்பிட்ஃபயரின் பெட்ரோல் தொட்டி எங்கே இருக்கிறது தெரியுமா? பின்பெட்டியின் முன்சுவரை ஒட்டி, இருக்கைகளுக்குப் பின்னால். நாம் பாட்டரியை வைக்க நினைத்த இடத்துக்கு அடுத்த வீடு! ஸ்டார்ட்டருக்குப் போகும் முதன்மைக் கம்பியில் சாதாரணமாக ஃபியூஸ் இருப்பதில்லை. வண்டியின் அடியில் 4 மீட்டர் ஓடும் அக்கம்பி ஏதேனும் ஒரு தகட்டு விளிம்பில் உராய்ந்து, ரப்பர் உறை தேய்ந்து உடலைத் தொட்டால், ஆயிரம் ஆம்பியரையும் எட்டும் மின்சாரம் பாயும். கம்பி செந்தழலாகும், தடுப்பார் இல்லை. ஆகையால் துளைகள்தோறும் ரப்பர் வளையம் மாட்ட வேண்டும். கம்பியைச் சாணுக்கொரு பிடியால் இறுக்க வேண்டும். பெட்ரோல் குழாயும் கம்பியும் ஒன்றோடொன்று கட்டப்படலாகாது. பாட்டரிக்கு அருகிலேயே பெரிய ஃபியூஸும், வெளியிலிருந்து கை எட்டும் துண்டிப்பு ஸ்விட்சும் வைப்பது உத்தமம். பந்தயக் கார்களில் நீல முக்கோணத்துக்குள் சிவப்பு மின்னல் வரைந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்த ஸ்விட்ச் இருக்குமிடத்தைக் காட்டும் குறி அதுவே.

பாட்டரி மூச்சும் விடும். மின்னேற்றம் ஆகும்போது ஹைட்ரஜன் வாயு வெளிப்படுகிறது. காற்றில் நூற்றுக்கு 4 பங்கு சேர்ந்தாலே அது தீப்பற்றக்கூடியது. முன்மூடிக்கு அடியில் காற்று அதைக் கொண்டுபோய்விடும். மூடிய பின்பெட்டியில் அது தங்கிவிடும். ஆதலின் மூடியுள்ள பெட்டியில் பாட்டரியை வைத்து, ஒரு குழாய் வழியே வாயுவை வண்டிக்கு வெளியே விட வேண்டும். பெட்டியை இரும்புப் பட்டைகளால் சட்டத்தோடு இறுக்குவதும் முக்கியம். மோதலில் புவியீர்ப்பைப்போல் 20 மடங்கு விசை தாக்கினால், 15 கிலோ பாட்டரி 300 கிலோவாக முன்னே பாயும். முன்னே இருப்பது ஓட்டுபவரின் முதுகு.

அவர் ஒருவாறு இவற்றையெல்லாம் ஏற்று, இருக்கைகளுக்குப் பின்புறம் இடம் அளந்து, புதுக் கம்பி வாங்கிவந்து வேலையை முடித்தார். கழற்றும்போது உடலோடு இணைந்த முனையை முதலிலும், மாட்டும்போது அதைக் கடைசியிலும் தொட வேண்டும் என்பதை அவருக்கு நான் சொல்லத் தேவையிருக்கவில்லை. சொன்னது ஒன்றே: வோல்ட் மீட்டரின் ஒரு முள்ளைப் பாட்டரியின் உயிர்முனையிலும் மற்றொன்றை ஸ்டார்ட்டரின் முனையிலும் வைத்து, என்ஜினைச் சுழற்றிப் பார். பிறகு பாட்டரியின் மறுமுனைக்கும் என்ஜின் உடலுக்கும் இடையே அவ்வாறே செய். எந்த ஒன்றிலாவது அரை வோல்டுக்கு மேல் காட்டினால், மலைப்பக்கம் வண்டியைத் திருப்பாதே. இணைப்புகளைச் சுரண்டி மீண்டும் அளந்து பார்.